இதயத்தை ஏன் ஓடவிட்டுப் படம் எடுக்கிறார்கள்?

நெஞ்சுவலி என்று போனால் சில நேரம் டாக்டர் ‘தாலியம் ஸ்கேன்’ எழுதித் தருவார். பெயர்தான் தாலியம், இன்று பெரும்பாலும் ஊசியில் ஏற்றுவது டெக்னீஷியம்-99எம். தாலியம்-201இன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 73 மணி நேரம், டெக்னீஷியம்-99எம்முக்கு வெறும் 6 மணி நேரம்.

அது சரி, இந்த ஸ்கேனுக்கு டிரெட்மில்லில் ஓடவிடுவது எதற்கு? ரத்தக்குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயத்தசைக்கு வேண்டிய ரத்தம் வந்துவிடும். குட்டு வெளிப்படுவது ஓடும்போதுதான். நல்ல குழாய்கள் விரிந்து பல மடங்கு ரத்தம் தரும். அடைபட்ட குழாயால் ஈடுகொடுக்க முடியாது. ரத்தம் போன இடமெல்லாம் மருந்தும் போய்த் தசைச் செல்களில் தங்கும். அதிலிருந்து வரும் காமா கதிர்களைக் கேமரா பிடிக்கிறது. ஓய்விலும் ஒரு படம் உண்டு. ஓட்டத்தில் மட்டும் ஓரிடம் மங்கினால் அடைப்பு என்று சந்தேகிப்பார்கள். இரண்டிலும் மங்கினால் பழைய மாரடைப்பின் தழும்பாக இருக்கலாம். ஈசிஜியோடு இணைத்து எடுத்தால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதும் தெரியும்.

மூட்டுவலிக்காரர்களுக்கு ஓட்டத்துக்குப் பதில், குழாயை விரிக்கும் அடினோசின் ஊசி. காஃபின் அதன் வேலையைத் தடுக்கும். அதனால் முன்கூட்டியே காபி, டீயை நிறுத்தச் சொல்வார்கள். நம்மில் பலருக்கு ஊசியைவிட இதுதான் கஷ்டம்!