விசா வந்துவிட்டது. எப்போது போவது?

தில்லி கரோல் பாக்கில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கனடாவில் குடியேற விசா வந்துவிட்டது. மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை. உடனே போவதா, பொறுத்துப் போவதா?

முதலில் விசாத் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்குள் கனடா போய்ச் சேர வேண்டும். மருத்துவப் பரிசோதனை 1 ஆண்டுதான் செல்லும். விசாத் தேதி பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிந்தால், விசாவும் அதோடு முடியும்.

போனதும் அங்கேயே தங்கிவிட வேண்டுமா? வேண்டாம். விடுமுறையில் குடும்பத்தோடு போய்ப் பதிவு செய்யலாம். பிறகு ஊர் திரும்பலாம். பரீட்சை முடிந்ததும் குடியேறலாம். ஆனால் 5 ஆண்டில் 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அங்கே வாழும் உரிமையை இழக்க நேரிடும்.

அமெரிக்காவுக்குக் குடியேறும் விசா பெரும்பாலும் 6 மாதமே செல்லும். போன பின் தொடர்ந்து 1 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் சிக்கல் வரும்.

விசா கைக்கு வரும் முன் வேலையை விடாதீர்கள். வீட்டை விற்காதீர்கள். தரகர் சொல்லும் தேதியை அப்படியே நம்பாதீர்கள். உங்கள் விசாவை நீங்களே எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.