மேரி சீமோர்: ஆவணங்களில் மறைந்த உரிமைமகள்

எட்டாம் ஹென்றி மறைந்தபின் அவன் இறுதி மனைவி கேதரின் பார், தாமஸ் சீமோரை மணந்தாள். அவ்விருவர்க்கும் ஒரே மகளாகிய மேரி 1548 ஆகஸ்டு 30ஆம் நாள் சூட்லிக் கோட்டையில் பிறந்தாள். செப்டம்பர் 5இல் தாய் இறந்தாள். 1549 மார்ச்சு 20இல் தந்தை அரசத் துரோகக் குற்றத்திற்காகத் தலை வெட்டுண்டான். அவன் உடைமைகள் அரசைச் சார்ந்தன.

குழந்தையைப் புரந்த சஃபோக் கோமகள் கேதரின் வில்லோபி, செலவு தாங்கவியலாமை கூறி வில்லியம் செசிலுக்கு 1549இல் மடல் விடுத்தாள். 1550இல் நாடாளுமன்றச் சட்டமொன்று மேரிக்கு மரபுரிமையை மீட்டளித்தது. அதன்பின் அவளைப்பற்றிய உறுதியான குறிப்பு யாதும் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் ஆக்னஸ் ஸ்டிரிக்லண்டு, மேரி வளர்ந்து எட்வர்டு புஷெல் என்பானை மணந்தாள் என்று எழுதினார். அவர்க்குச் சான்றாயது, தம்மை அவள் வழியினர் எனக் கூறிக்கொண்ட ஒரு குடும்பத்தாரின் கொடிவழிக் குறிப்பே.

இவ்விருவகைச் சான்றுகளையும் நாம் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். கோமகளின் மடல் அன்றைய இடர் தீர எழுந்தது, வருங்காலத்தார்க்கென எழுதப்பட்டதன்று. கொடிவழியோ ஓர் அரசியோடு உறவு கொண்டாடும் பெருமையை நாடுவது. ஆதலின் முன்னதே வலியுடைத்து.

இனி, ஆவணங்களின் மௌனத்தையும் கருதுவோம். பொருளற்ற குழவியின் சாவு பதிவின்றி ஒழியலாம். ஆனால், உரிமை மீண்ட மகள் உயிரோடிருப்பின், காப்புரிமை, திருமணம், நிலவழக்கு ஆகியவற்றுள் ஒன்றேனும் சுவடு விட்டிருக்கும். எனவே, அவள் இளமையிலேயே இறந்தாள் எனக் கொள்வதே பொருந்தும். எனினும் அது முடிந்த முடிபன்று. அவள் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்னும் நம் விழைவு இயல்பே, விழைவு சான்றாகாது.