ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஓர் அட்டை
சட்டைப்பையில் அடங்கும் இணையக் கருவி ஒன்றைக் கரியாலூர் மலையூர்களின் அங்கத்தினர்களுக்காகச் செய்வதானால், அதில் எவ்வசதிகளை வைப்பது, எவற்றை விடுவது? பெங்களூர் இந்திய அறிவியற் கழகப் பேராசிரியர்கள் சிலர் என்கோர் என்னும் கம்பெனியாருடன் கூடி, 2001-ஆம் ஆண்டில் ‘சிம்ப்யூட்டர்’ என்ற கருவியை வெளியிட்டபோது எதிர்கொண்ட கேள்வியும் ஏறக்குறைய இதுவே.

விசைப்பலகையை அவர்கள் விட்டனர். சிறு கோலால் திரையைத் தொட்டால் போதும். எழுத்தறியாதாருக்காக, திரையில் உள்ளதை இந்திய மொழிகளில் உரக்கப் படிக்கும் வசதியைச் சேர்த்தனர். இவற்றினும் நாம் மெச்சுவது அட்டை செருகும் துவாரத்தையே. கருவி பலருக்கும் பொது. அவரவர் விவரம் அவரவர் அட்டையில். கருவி வாங்க இயலாதவர் அட்டை ஒன்றை வாங்கினால் போதுமானது. கூட்டுறவு கண்ட நமக்கு இது புதிதன்று!

2004-இல் விற்பனைக்கு வந்தபோது விலை சுமார் 10,000 ரூபாயில் தொடங்கியது. வாங்கினோர் சிலரே, செல்பேசி முந்திக்கொண்டது.

ஆயினும், இன்று சங்கத்துக்கெனக் கருவி தேர்வோர் அப்பழைய பட்டியலைப் பார்ப்பது நலம். தமிழில் பேசும் குரல் முதலில் வேண்டும். மலைச்சரிவில் தொடர்பு அறுந்தாலும் மரவள்ளி எடைக் கணக்கைக் காத்து வைத்தல் வேண்டும். புகைப்படக் கருவி மூன்றாவதாக வரட்டும்.