காலை எட்டு மணிக்குத் தமிழ்நாடு, ஒன்பது மணிக்குப் புதுச்சேரி!

புதுச்சேரியில் வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷம்! ஆபீஸ் பக்கத்திலேயே ஒரு வீடு பார்க்கலாம் என்று போனால், புரோக்கர் வாடகையைச் சொன்னதும் இன்னும் வாங்காத முதல் மாசச் சம்பளம் 'போயிட்டு வரேன் சார்' என்று கையாட்டுகிறது. டீக்கடையில் யாராவது ஒரு பெரியவர் வழி சொல்வார்:

"ஈ.சி.ஆர்.ல வடக்கே போங்க தம்பி. கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி தாண்டினா பொம்மையார்பாளையம். பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. வாடகை கம்மி, கடல் காத்து இலவசம்!"

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தினமும் டிபன் பாக்ஸோடு நீங்கள் ஒரு மாநில எல்லையைத் தாண்டப் போகிறீர்கள்!

பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா. தெற்கே போனால் புதுச்சேரி நகரம். 'சரி, அப்போ வடக்கே முழுக்கத் தமிழ்நாடுதானே?' என்று கேட்டால் அதுவும் இல்லை. கொஞ்ச தூரத்தில் காலாப்பட்டு, அங்கே பல்கலைக்கழகம்... மறுபடியும் புதுச்சேரி! பிரெஞ்சுக்காரர்கள் ஊர்களைத் துண்டு துண்டாகப் பிடித்து வைத்திருந்தார்கள். 1954 நவம்பர் 1-ம் தேதி ஒப்படைத்தபோதும் துண்டு துண்டாகவே கைக்கு வந்தது. அந்தத் தையல்தான் இன்றைக்கும் ஈ.சி.ஆரில் தெரிகிறது.

எல்லைக்கோடு செய்யும் வேடிக்கை

இந்தக் கோட்டால் வரும் கூத்துகளைக் கேளுங்கள். போன் கோடு புதுச்சேரியின் 0413. பட்டா, சாதிச் சான்று என்றால் வானூர். கலெக்டரைப் பார்க்க விழுப்புரம். நவம்பர் 1 விடுதலை நாள், புதுச்சேரி ஆபீஸ் லீவு. பொம்மையார்பாளையத்துப் பிள்ளைக்கு அன்றைக்கு ஸ்கூல் உண்டு. அப்பா லுங்கியோடு உட்கார்ந்து பேப்பர் படிக்க, பையன் பையை மாட்டிக்கொண்டு முறைத்தபடி கிளம்புவான்!

பெட்ரோல் போடுவதென்றால் புதுச்சேரியிலேயே போட்டுக்கொண்டு வரலாம். அதே நினைப்பில் அந்த 'இன்னொரு திரவத்தை' சனிக்கிழமை பையில் வைத்து வந்தால் கதை கந்தல். பர்மிட் இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். 'வயித்துக்குள்ள வெச்சுக் கொண்டு வர்றேன்' என்று சாமர்த்தியம் பேசும் பைக் பேர்வழிகளுக்கு, ஊதச் சொல்ல வேறு ஒரு மெஷின் இருக்கிறது.

பி.ஒய். நம்பர் வண்டி வைத்திருக்கிறீர்களா? வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தொடர்ந்து வைத்து ஓட்டினால் அந்த மாநிலப் பதிவுக்கு மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வீட்டு மின்சாரம் தமிழ்நாட்டு வாரியம். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர் உண்டா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எல்லையைக் கவலையில்லாமல் தாண்டுகிற ஒரே ஆசாமி மயிலம் முருகன்தான். பொம்மையார்பாளையத்தின் பெயரோடு சேர்ந்த பொம்மபுர ஆதீனம் இருக்கும் மயிலத்திலிருந்து, மாசிமகத்துக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி எழுந்தருள்வார். செக்போஸ்டில் யாரும் கை காட்டி நிறுத்துவதில்லை!

மண்ணுக்குத் தெரியாத கோடு

இதுவரை சிரித்தாயிற்று. இனி கொஞ்சம் கடற்கரைப் பக்கம் போவோம்.

இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்கள் அலை தென்கிழக்கிலிருந்து அடிக்கும். கூடவே மணலையும் வடக்கே தள்ளிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் பல லட்சம் கன மீட்டர் மணல் வருஷா வருஷம் வடக்கே பயணம் செய்கிறது. ஒரு பக்கம் போனதை மறுபக்கம் வந்தது ஈடு கட்டிவிடும். கடற்கரை என்பது அப்படி ஒரு நடப்புக் கணக்கு.

1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கடலுக்குள் இரண்டு கல் சுவர்கள் எழுந்தன. மணல் தெற்குப் பக்கமே தேங்கியது. வடக்கே வரவு நின்றது, செலவு மட்டும் நடந்தது. காந்தி சிலைக்கு முன்னால் இருந்த மணல்வெளி போய்க் கருங்கல் வந்தது. கல் கொட்டிய இடம் தப்பித்தது. கல் முடிந்த இடத்திலிருந்து கடல் அடுத்த ஊரைத் தின்ன ஆரம்பித்தது. இப்படியே நகர்ந்து நகர்ந்து கோட்டக்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்...

கல் சுவர் ஒரு அரசாங்கத்தின் பக்கம், கரைகிற ஊர் இன்னொரு அரசாங்கத்தின் பக்கம். மனு எந்த ஆபீசுக்குப் போவது? மணலுக்கு எல்லை தெரியாது. ஃபைலுக்கு மட்டும் நன்றாகவே தெரியும்.

நமக்குக் கடற்கரை என்றால் சாயங்கால சுண்டல். மீனவருக்கு அதுதான் தொழிற்சாலை. படகு நிறுத்த, வலை உலர்த்த, மீனைக் காயப்போட, கரைவலை இழுக்க எல்லாவற்றுக்கும் மணல் வேண்டும். கல் குவியல் மேல் படகை ஏற்ற முடியுமா? 2011 டிசம்பரில் 'தானே', 2022 டிசம்பரில் 'மாண்டஸ்' என்று புயல் வருகிறபோதெல்லாம் இந்தக் கரை மக்களுக்கு ஒரே பயம்தான்: 'இந்தத் தடவை எத்தனை வீடு?'

வழியே இல்லையா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ட்வீட் நதி முகத்துவாரத்தில் 2001 முதல், தேங்கும் மணலை பம்ப் வைத்து உறிஞ்சி மறுபக்கம் கொட்டுகிறார்கள். நம் பக்கத்திலேயே, 2018-ல் புதுச்சேரித் தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அமைத்தது. அங்கே மணல் திரும்பி வந்தது. முடியும் என்று தெரிந்துவிட்டது. அதைப் பொம்மையார்பாளையம் வரைக்கும் யோசிக்க, இரண்டு அரசாங்கமும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.

குடி வருகிறவர் கவனிக்க!

வீடு பார்ப்பதை நவம்பரில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் எல்லா வீடும் அழகு. போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் மாசம் கேன் தண்ணீர்ச் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் கிரில் கதவு முதல் பைக் செயின் வரை துருப்பிடிக்கும், எண்ணெய் டப்பா கைவசம் இருக்கட்டும். 'கடலோர மனை, சீப் ரேட்' என்று யாராவது காதில் ஓதினால், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி அங்கே கட்டலாமா என்று விசாரிக்காமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரோட்டுக்கு மேற்கே போனால் மழைத் தண்ணீர் அறுத்துச் செதுக்கிய செம்மண் பள்ளங்கள் இருக்கின்றன. போட்டோவுக்கு அருமை. மழை நாளில் மட்டும் இறங்காதீர்கள், மண் சரியும். கிழக்கே கடல் அறுக்கிறது, மேற்கே மழை அறுக்கிறது. நடுவில் ஊர்!

முக்கியமாக, ஊரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மீனவர் தெருக்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் வைத்ததுதான் வழக்கம். திருவிழா வசூலுக்கு வந்தால், 'நான் வாடகைக்குத்தானே இருக்கேன்' என்று கதவைச் சாத்தாதீர்கள். புயல் ராத்திரியில் 'சார், எந்திரிங்க, தண்ணி ஏறுது' என்று அதே கதவைத் தட்டப்போவது அவர்கள்தான். நீங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டத் தெரிந்தவர். கடலரிப்புக்காக அவர்கள் எழுதும் மனுவை அழகாக டைப் அடித்துக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. இரண்டு காப்பி அடியுங்கள். ஒன்று சென்னைக்கு, ஒன்று புதுச்சேரிக்கு!

வாடகை விளம்பரத்தில் 'கடலைப் பார்த்த வீடு' என்று போட்டிருப்பார்கள். உண்மைதான் சார். கடலும் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது!