மரத்தில் தொங்கும் பெயர்



கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் தோட்டத்துக் கிறிஸ்துவ வீடுகளில் குடில் கட்டுவதும் மரம் ஜோடிப்பதும் தொடங்கிவிடும். கடைத்தெருவில் பளபளக்கும் உருண்டைகள் டஜன் கணக்கில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றிலாவது நம் வீட்டுப் பிள்ளையின் பெயர் இருக்குமா? பெயர் பொறித்த தொங்கல்களை நாமே செய்துகொள்ளலாம். அதற்கு உதவுவது பாலிமர் களிமண். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

பெயரில் களிமண் என்று இருந்தாலும் இதில் மண் இல்லை. தண்ணீர்க் குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக்கின் நுண்ணிய தூளோடு, அதை இளக வைக்கும் எண்ணெய் போன்ற பொருளும் நிறமும் சேர்த்துப் பிசைந்ததே இது. ஜெர்மனியில் பொம்மை செய்து புகழ்பெற்ற கேட்டே குரூசே அம்மையாரின் மகள் இதைக் கைவேலைப் பொருளாக உருவாக்கினார். 1964-இல் ஒரு நிறுவனம் அதனை வாங்கி, 'ஃபிமோ' என்ற பெயரில் பரப்பியது. இன்று பல நிறுவனங்கள் இத்தகைய களிமண்ணைச் செய்கின்றன.

குயவர் மண் வெயிலில் காயும், இது காயாது. சூடு பட்டால்தான் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறுதிப்படும். ஆகவே இந்த வேலையின் உயிர்நாடி சூடுதான்.

முதலில் களிமண்ணைக் கையால் நன்றாகப் பிசைய வேண்டும். இளகியதும் ஒரு கண்ணாடிப் போத்தலை உருட்டி, 6 மில்லிமீட்டர் கனத்தில் பரப்புங்கள். பழைய டின் மூடியால் வட்டமாக வெட்டுங்கள். விளிம்பை ஒட்டாமல் சற்று உள்ளே தள்ளி, பானம் உறிஞ்சும் குழலால் ரிப்பன் கோக்கத் துளை போடுங்கள். சுட்ட பிறகு துளைப்பது சிரமம்.

அடுத்தது பெயர். வேறு நிறக் களிமண்ணை இடியாப்ப நூல்போல் உருட்டி, எழுத்தாக வளைத்து மெல்ல அழுத்துங்கள். புள்ளிக்குக் கடுகளவு உருண்டை போதும். 'ஸ்டெல்லா' என்றால் இரண்டு கடுகு. 'மேரி' என்றால் ஒன்றும் வேண்டாம்! எழுதப் பழகும் பிள்ளையாக இருந்தால், பல்குச்சியைக் கொடுத்துத் தன் பெயரைத் தானே கீறச் சொல்லுங்கள். எழுத்து கோணினாலும் திருத்தாதீர்கள். பின்புறத்தில் அந்த ஆண்டைக் குறித்து வையுங்கள்.

இனி சுடுவது. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பது பொட்டலத்தின் மேல் இருக்கும். பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரை; 6 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். நாங்கள் முதன்முதலில் செய்த தொங்கல்கள் மரத்தில் ஏறுவதற்கு முன்பே துளையருகே உடைந்தன. களிமண்ணைக் குறை சொன்னோம். பிறகுதான் தெரிந்தது, குறை எங்கள் அவசரத்தில்! கால் மணி நேரம்கூட ஆகாமல் வெளியே எடுத்துவிட்டோம். அரைகுறையாகச் சுட்டது பட்டென்று ஒடியும். நன்றாகச் சுட்டது எளிதில் ஒடியாது. சூடாக இருக்கும்போது மென்மையாகத்தான் இருக்கும். ஆறிய பிறகே இறுகும்.

தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். விறகடுப்பிலோ கேஸ் அடுப்பிலோ வாணலியிலோ இதைச் சுடவே கூடாது. அங்கே சூட்டை அளக்க முடியாது. அளவு மீறிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயு கிளம்பிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மின்சார ஓவனில், அலுமினியத் தாளால் மூடி, சன்னலைத் திறந்துவைத்துச் சுடுங்கள். சூட்டுமானி ஒன்றை உள்ளே வைத்தால் நல்லது. கருகல் வாடை வந்தால் ஓவனை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள். இந்த வேலைக்கு எடுத்த போத்தலும் தட்டும் மீண்டும் சமையலுக்குப் போகக் கூடாது. கையைச் சோப்பால் கழுவிய பிறகே சோற்றில் வையுங்கள். நகப்பூச்சைப் பூசினால் பிசுபிசுப்பு ஏறும். நீரில் கரையும் அக்ரிலிக் சாயமே ஏற்றது.

வீட்டில் ஓவன் இல்லையா? கோதுமை மாவு இரண்டு கோப்பை, உப்பு ஒரு கோப்பை, தண்ணீர் ஏறக்குறைய ஒரு கோப்பை சேர்த்துப் பிசையுங்கள். மெல்லியதாக வெட்டி, பெயர் கீறி, திருப்பித் திருப்பிப் போட்டுப் பல நாள் வெயிலில் காய வையுங்கள். மழைக்கால ஈரத்தில் இது இளகிவிடும். ஆகவே வார்னிஷ் பூசி, காய்ந்த டின்னில் பத்திரப்படுத்துங்கள். பாலிமர் தொங்கலுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்று நம் பிள்ளைகள் பிழைப்புக்காகக் கோலாலம்பூர், ஜொகூர் பாரு என்று பிரிந்து வாழ்கிறார்கள். எல்லா ஆண்டும் பெருநாளுக்கு விடுமுறை கிடைப்பதில்லை. வர முடியாத பிள்ளையின் பெயரை அம்மா மரத்தில் கட்டுவாள். சிறு வயதில் அந்தப் பிள்ளையே கீறிய கோணல் எழுத்து அது. கடையில் வாங்கிய உருண்டை உடைந்தால் வேறு வாங்கலாம். இதற்கு ஈடாக எதை வாங்குவது? அதனால்தான் அந்த அரை மணி நேரம் பொறுத்திருந்து பக்குவமாகச் சுடச் சொல்கிறோம்.