காத்திருப்பவளும் நிறுத்தப்பட்டவளும்

'சும்மா இருக்கிறாள்' என்பது ஒரு நிலையின் பெயரல்ல. பல நிலைகளை மூடிவிடும் சொல். ஏற்காட்டு மலையில், வாழவந்திப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தைக் கற்பனை செய்வோம். ஒருத்தி பழம் பறிக்கிறாள். இன்னொருத்தி கூடையோடு தயார், வரிசைதான் கிடைக்கவில்லை. மூன்றாமவள் பறித்து முடித்து, எடை போடக் காத்து நிற்கிறாள். நாலாமவளை 'இனி சொன்னால் வா' என்று நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி கடைசி மூவரையும் ஒரே சொல்லில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? எடை போடுகிறவரின் தாமதம் அவளுடைய சோம்பலாகிப்போகும்.

நிகழ்நேர இயங்குதளத்தின் ஷெட்யூலருக்கும் இதே நான்கு நிலைகள்தான்: ஓடுவது, தயார், தடைபட்டது, நிறுத்தப்பட்டது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ஒரு விநோதம் உண்டு. கெடு வைத்துக் காத்திருக்கும் பணியைக் கடிகாரம் எழுப்பவேண்டும். கெடுவில்லாமல் காத்திருப்பதற்கு அது தேவையில்லை. அதனால், நிறுத்தும் வசதி இயக்கத்தில் இருந்தால், அதையும் 'நிறுத்தப்பட்டவை' பட்டியலிலேயே போட்டுவிடுகிறது. சிக்கனம் சரிதான். ஆனால் பட்டியலின் பெயரை மட்டும் படித்து நிலையைச் சொன்னால் அது பொய்.

ஆகவே நிலையைச் சொல்லும் நிரல் இன்னொன்றையும் பார்க்கிறது: அந்தப் பணி ஏதாவது பூட்டின், வரிசையின் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் 'தடைபட்டது'. இதுவும் போதாது. நேரடி அறிவிப்புக்காகக் காத்திருக்கும் பணி எந்தப் பொருளின் பட்டியலிலும் இராது. காத்திருப்பின் அடையாளம் அதனுள்ளேயே இருக்கிறது. அதையும் பார்க்காவிட்டால், அறிவிப்பை அனுப்பத் தவறியவனை விட்டுவிட்டு, 'யார் இதை நிறுத்தினான்?' என்று தேடிக்கொண்டிருப்போம்.

சரியான பெயரும் முழு உண்மையாகிவிடாது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரின் கணினி திரும்பத் திரும்பத் தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டது. முன்னுரிமை மிக்க பணியொன்று தடைபட்டிருந்தது. பூட்டு ஒரு தாழ்ந்த வானிலைப் பணியிடம். அதை ஓடவிடாமல் நடுத்தரப் பணிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தீர்வு, முன்னுரிமையைப் பூட்டு வைத்திருப்பவனுக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது. அதைக் கோட்பாடாக்கிய 1990ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார், சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி.

ஆக, நிலையறிக்கை என்பது வெறும் விவரணை அல்ல. பழி எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம். 'காத்திருக்கிறாள்' என்று எழுதினால் உடனே 'எதற்காக, யாரிடம்?' என்ற கேள்வி எழும். 'நிறுத்தப்பட்டாள்' என்றால் 'யார் நிறுத்தியது?' என்று கேட்கலாம். 'சும்மா' என்று எழுதிவிட்டாலோ, கேட்க எதுவும் மிச்சமில்லை.