மாற்று மின்னஞ்சல் சர்வர் எங்கே இருக்க வேண்டும்?

ஒரு டொமைனின் முதன்மை மின்னஞ்சல் சர்வர் நின்றுபோகும் வேளையில், அதற்கு வரும் அஞ்சலை வாங்கி வரிசையில் வைத்திருந்து, அது எழுந்ததும் ஒப்படைப்பதே மாற்று சர்வரின் வேலை. பயனர்களின் அஞ்சல் பெட்டிகள் அதில் இருப்பதில்லை. பழைய அஞ்சலை அங்கே போய்ப் படிக்க முடியாது. பலரும் எதிர்பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை, டிஎன்எஸ்ஸில் எழுதப்படும் எம்எக்ஸ் பதிவு. 1986-இல் வகுக்கப்பட்ட முறை இது. ஒவ்வொரு பதிவிலும் ஒரு சர்வரின் பெயரும் ஒரு முன்னுரிமை எண்ணும் இருக்கும். சிறிய எண்ணுக்கே முதலிடம். முதன்மைக்கு 10, மாற்றுக்கு 20 என்று கொடுத்தால், முதன்மை பதில் தராதபோது அஞ்சல் மாற்றுக்குப் போகும்.

மாற்று இல்லாவிட்டாலும் அஞ்சல் உடனே தொலைந்துவிடாது. அனுப்பும் சர்வர் நான்கைந்து நாளாவது விடாமல் முயல வேண்டும் என்கிறது எஸ்எம்டிபி நெறிமுறை. ஆனால் அதை எல்லோரும் மதிப்பதில்லை. முன்னதாகவே கைவிட்டு அஞ்சலைத் திருப்பிவிடும் சர்வர்களும் உண்டு. மாற்று சர்வர் இருந்தால் காத்திருக்கும் காலத்தை டொமைன் வைத்திருப்பவரே முடிவு செய்யலாம். போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில் அது இயல்பாக 5 நாள். பத்து நாளாகவும் கூட்டலாம். முதன்மை எழுந்ததும் ஒரே கட்டளையில் வரிசை முழுவதையும் அனுப்பிவிடலாம்.

சென்னையை அடுத்த ஊரப்பாக்கம் போன்ற ஊரில் அலுவலகத்திலேயே சர்வர் வைத்திருப்போருக்கு இந்த நாள் கணக்கு முக்கியம். அடையாறு தொடங்கும் ஆதனூர் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. 2015 டிசம்பர் பெருமழையில் அந்த ஆற்றங்கரையில் உள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மறைமலைநகரில் உள்ள அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாததால், 1878-இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் டிசம்பர் 2 அன்று முதன்முறையாகச் சென்னையில் அச்சாகவில்லை. அந்த மறைமலைநகருக்குச் செல்லும் ஜிஎஸ்டி சாலையில்தான் ஊரப்பாக்கம் இருக்கிறது. மறு ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தது. இப்படிப்பட்ட நாட்களில் யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். அதன்பின் ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரவே வழி இருக்காது.

ஆகவே அதே கட்டடத்தில், அதே மின் இணைப்பில் வைக்கப்படும் இரண்டாவது சர்வர் பேருக்குத்தான் மாற்று. சென்னை நகருக்குள் வைத்தாலும் அதே மழைதான். மும்பை போன்ற வேறொரு ஊரின் டேட்டா சென்டரில் சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுப்பதே சரி. பல கிளவுட் நிறுவனங்கள் அஞ்சல் வெளியே செல்லும் 25-ஆம் போர்ட்டை அடைத்தே தருகின்றன. அதைத் திறந்து தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். டொமைனின் டிஎன்எஸ் சர்வர்களும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. அவை எல்லாமே அணைந்தால், மும்பையில் ஒரு மாற்று காத்திருப்பதே அனுப்புகிறவருக்குத் தெரியாது.

போஸ்ட்ஃபிக்ஸில் டொமைனின் பெயரை ரிலே பட்டியலில் சேர்க்க வேண்டும். சொந்த டொமைன் பட்டியலில் சேர்த்தால் அஞ்சல் முதன்மைக்குப் போய்ச்சேராது. இதைவிடப் பெரிய கவனம் ஸ்பேமில் தேவை. காவல் குறைவாக இருக்கும் என்று கணக்குப்போட்டு, ஸ்பேம் அனுப்புவோர் மாற்று சர்வரையே தேடி வருகிறார்கள். முதன்மையில் உள்ள வடிகட்டிகள் அத்தனையும் இங்கும் வேண்டும். உண்மையில் இருக்கும் முகவரிகளின் பட்டியலும் வேண்டும். அது இல்லாவிட்டால் இல்லாத முகவரிக்கு வரும் குப்பையையும் வாங்கி, பின்னர் சம்பந்தமே இல்லாத யாருக்கோ அதைத் திருப்பி அனுப்பும். கொஞ்ச நாளில் சர்வரின் ஐபி கருப்புப் பட்டியலில் ஏறிவிடும். இதைக் கவனிக்க ஆள் இல்லையென்றால் மாற்று சர்வர் வைக்காமல் இருப்பதே மேல். முதன்மை சர்வரோ, மாற்றின் ஐபியிலிருந்து வரும் அஞ்சலுக்கு, அனுப்பும் ஐபிக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை செய்யாதபடி அமைக்கப்பட வேண்டும். இல்லையெனில் காத்திருந்த நல்ல அஞ்சலையே அது போலி என்று தள்ளிவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒரு சோதனை நடத்துவது அவசியம். முதன்மையின் 25-ஆம் போர்ட்டைச் சிறிது நேரம் மூடி, வெளியிலிருந்து ஓர் அஞ்சல் அனுப்பி, அது மாற்றின் வரிசையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். போர்ட்டைத் திறந்தபின் வந்துசேரும் அஞ்சலின் தலைப்பு வரிகளில், அது மாற்று சர்வர் வழியாக வந்த விவரமும் நேரமும் பதிவாகியிருக்கும்.